ஐந்தாண்டுத் திட்டமா, போகப் போகக் கற்றுக்கொள்வதா: ஒரு நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

"அடுத்த ஐந்து வருடத்துக்கு நமக்கு ஒரு வியூகத் திட்டம் வேண்டும்" என்று நிர்வாகக் குழு தீர்மானித்துவிட்டால், பேச்சு உடனே யார் எழுதுவது, எந்த மாதத்துக்குள் முடிப்பது, வெளியிலிருந்து ஆலோசகரைக் கூப்பிடலாமா என்று நகர்ந்துவிடும். எந்த மாதிரியான திட்டம் என்று யாரும் கேட்பதில்லை. தொழிற்சாலையானாலும் மருத்துவமனையானாலும் தொண்டு நிறுவனமானாலும் இதே கதைதான்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. முழு நீளத் திட்டம் எழுதி, இலக்குகளைத் துறைவாரியாகப் பிரித்துக் கொடுத்து, அதன்படி நடப்பது ஒன்று. திசையை மட்டும் வைத்துக்கொண்டு சிறு சிறு முயற்சிகள் செய்து, எது பலிக்கிறதோ அதைப் பெரிதாக்குவது இன்னொன்று. காலம் இப்படியும் மாறலாம், அப்படியும் மாறலாம் என்று சில காட்சிகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் என்ன செய்வோம் என்று ஒத்திகை பார்ப்பது மூன்றாவது. நான்காவதிலும் திட்டம் எழுதுகிறோம். ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் அனுமானங்களை வெளியே எடுத்து வைத்து, அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்த பிறகே அடுத்த தவணைப் பணத்தை விடுவிக்கிறோம்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான நிறுவனங்களுக்கு நான்காவதே பொருந்தும். ஆனால் மற்ற மூன்றும் ஜெயிக்கும் இடங்கள் உண்டு. அந்த இடங்களைத் தெரிந்துகொள்ளாமல் நான்காவதைப் பிடித்துக்கொள்வதும் தப்புதான்.

முழுத் திட்டம்

வியூகத் திட்டமிடலை ஒரு முறையாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் இகோர் ஆன்சாஃப். இப்போது எங்கே நிற்கிறோம், எங்கே போக வேண்டும், இடையில் எவ்வளவு தூரம், அதைக் கடக்க என்னென்ன வழி என்று படிப்படியாக இறங்கும் முறையை 1965இல் அவர் விரிவாக வகுத்துக் கொடுத்தார். அதே ஆண்டு, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் ராபர்ட் மெக்னமாரா கொண்டுவந்திருந்த திட்டமிடல்-பட்ஜெட் முறையை அரசின் மற்றத் துறைகளும் பின்பற்ற வேண்டும் என்று அதிபர் ஜான்சன் உத்தரவிட்டார். அது 1971இல் கைவிடப்பட்டது. தனியார் துறையில் இதற்குப் பெரிய முன்மாதிரியாகச் சொல்லப்பட்டது ஜெனரல் எலெக்ட்ரிக். 1981இல் அங்கே தலைமைக்கு வந்த ஜாக் வெல்ச், சில ஆண்டுகளுக்குள் அந்தத் திட்டமிடல் படையை வெகுவாகக் குறைத்துவிட்டார்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு மேலாண்மை ஆய்வாளர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 1994இல் சொன்ன விடையை இன்றுவரை யாரும் சரியாக மறுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. எதிர்காலத்தைக் கணித்துவிடலாம் என்ற நம்பிக்கை, யோசிப்பவரையும் செய்பவரையும் பிரித்து வைக்கலாம் என்ற நம்பிக்கை, புது யோசனை பிறப்பதைக்கூட ஒரு நடைமுறைக்குள் அடக்கிவிடலாம் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றின் மேல் முழுத் திட்டம் நிற்கிறது. மூன்றுமே ஆட்டம் காண்பவை. இவற்றில் இரண்டாவதைத்தான் மோசமானது என்பேன். கணிப்பு தவறினால் ஒருநாள் வெளியே தெரிந்துவிடும். திட்டம் எழுதியவருக்கும் கவுண்டரில் நிற்பவருக்கும் பேச்சே இல்லை என்றால், தவறிய செய்தி மேலே வந்து சேரவே ஒரு வருடம் ஆகும்.

இத்தனைக்குப் பிறகும் முழுத் திட்டத்தை ஒதுக்கிவிட முடியாது. மின்நிலையம், மருத்துவமனைக் கட்டடம், துறைமுகம் போன்றவற்றில் பாதி கட்டிப் பார்த்துவிட்டு 'பலிக்கவில்லை, வேறு முயற்சி' என்று சொல்ல வழியில்லை. நிலம், கடன், அனுமதி, ஆட்சேர்ப்பு எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். ஒன்று தவறினால் மற்றவை காத்துக் கிடக்கும். பல துறைகள் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டிய வேலைகளுக்கு விரிவான திட்டம் இல்லாமல் முடியாது. ஆனால் அது ஒருங்கிணைப்புக்கான திட்டம். வாடிக்கையாளர் என்ன விரும்புவார் என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைக்கும் திட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரண்டையும் ஒரே ஆவணத்தில் தைத்துவிடுவதால்தான் முதலாவதன் மரியாதை இரண்டாவதற்கும் கிடைத்துவிடுகிறது.

செய்து பார்த்துக் கற்பது

இந்த வழிக்கு வக்காலத்து வாங்குபவர்கள் தவறாமல் சொல்லும் கதை ஹோண்டாவுடையது. 1959இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கடை விரித்த ஹோண்டா ஆட்கள் பெரிதும் நம்பியது 250, 305 சிசி வண்டிகளை. அமெரிக்கச் சாலைகளில் நெடுந்தூரம், அதிவேகம் என்று ஓட்டப்பட்டபோது அவற்றில் எண்ணெய் கசிந்தது, கிளட்ச் போனது. இதற்கிடையில், ஊழியர்கள் தங்கள் வேலைக்காக நகருக்குள் ஓட்டிக்கொண்டிருந்த 50 சிசி சூப்பர் கப்பைப் பார்த்தவர்கள் விசாரிக்க ஆரம்பித்தார்கள். சின்ன வண்டியை விற்றால் முரட்டு வண்டிச் சந்தையில் பெயர் கெடும் என்ற தயக்கம் இருந்தது. பெரிய வண்டிகள் காலை வாரிய பிறகு வேறு போக்கில்லாமல் சின்னதையே விற்றார்கள். அதுதான் அவர்களைச் சந்தையின் உச்சிக்குக் கொண்டுபோனது.

பிரிட்டிஷ் அரசுக்காக 1975இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனம் எழுதிய அறிக்கையோ ஹோண்டாவின் வெற்றியைத் தெளிவான செலவுக் குறைப்பு வியூகமாக விளக்கியிருந்தது. மேலாண்மை ஆய்வாளர் ரிச்சர்ட் பாஸ்கேல் அந்த ஹோண்டா அதிகாரிகளையே சந்தித்துப் பேசி 1984இல் எழுதியபோதுதான் மேலே சொன்ன தடுமாற்றங்கள் வெளியே தெரிந்தன.

கதை உண்மைதான். அதிலிருந்து எடுக்கப்படும் பாடத்தில்தான் எனக்குச் சந்தேகம். அந்த முயற்சிக்கு ஜப்பான் நிதி அமைச்சகம் அனுமதித்த தொகை 2,50,000 டாலர். அதில் ரொக்கம் 1,10,000 மட்டுமே. போனால் தாங்கிக்கொள்ளக்கூடிய பந்தயம். சூப்பர் கப் ஏற்கெனவே 1958 முதல் ஜப்பானில் விற்றுக்கொண்டிருந்த வண்டி. அதை மலிவாகப் பெருமளவில் செய்யும் திறமை தாயகத்தில் தயாராக இருந்தது. அதாவது தெருவில் கிடைத்த செய்தியை உடனே பயன்படுத்திக்கொள்ளும் நிலையில் அவர்கள் இருந்தார்கள். 'திட்டமே வேண்டாம், இறங்கினால் தானாக வரும்' என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் இன்டெல். 1985இல் மெமரி சிப் தொழிலை விட்டு வெளியேற அது எடுத்த முடிவு அதன் தலைவர்களில் ஒருவரான ஆண்டி குரோவின் துணிச்சலாகவே பேசப்படுகிறது. ராபர்ட் பர்கல்மன் ஆராய்ந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. எந்தச் சிப் ஒரு வேஃபருக்கு (சிப்கள் வெட்டியெடுக்கப்படும் சிலிக்கான் தகடு) அதிக லாபம் தருகிறதோ அதற்கே உற்பத்தித் திறனை ஒதுக்க வேண்டும் என்று அங்கே ஒரு விதி இருந்தது. அந்த விதிப்படி நடுநிலை மேலாளர்கள் மாதாமாதம் ஒதுக்கீட்டை மாற்றிக்கொண்டே வந்ததில், உற்பத்தி ஏற்கெனவே மைக்ரோபிராசசர் பக்கம் போய்விட்டிருந்தது. மேலிடம் மட்டும் 'நாம் மெமரி நிறுவனம்' என்று நினைத்துக்கொண்டிருந்தது. கற்றல் நடந்த இடம் அந்த ஒதுக்கீட்டு விதி. நல்ல பண்பாடு, திறந்த மனம், ஊக்கமூட்டும் பயிற்சி முகாம் என்றெல்லாம் செலவழிக்கும் நிறுவனங்கள், தங்கள் பணத்தை எந்த விதி நகர்த்துகிறது என்று பார்த்தால் போதும். கற்கிறார்களா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

இனி இந்த வழியின் குறை. அனுபவம் எப்போதும் சரியானதைத்தான் சொல்லித்தரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஜேம்ஸ் மார்ச் 1991இல் எழுதியது போல, ஏற்கெனவே தெரிந்ததை மேலும் கூர்மையாக்குவதன் பலன் சீக்கிரம் வரும், பக்கத்தில் வரும், நிச்சயமாக வரும். புதிதாக ஒன்றைத் தேடுவதன் பலன் தாமதமாகும், வராமலும் போகலாம். ஆகவே 'பலிப்பதைப் பெரிதாக்கு' என்ற விதியை அப்படியே விட்டுவைத்தால், நிறுவனம் தன் பழைய வேலையிலேயே மேலும் மேலும் கெட்டிக்காரனாகிக்கொண்டு போகும். ஒரு நாள் அந்த வேலைக்கே தேவை இருக்காது.

அதைவிடப் பயங்கரமானது, வெற்றியிலிருந்து தப்பான பாடம் கற்பது. கொலம்பியா விண்வெளி ஓடம் 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் சிதறியது, எழுவர் இறந்தனர். புறப்படும்போது வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையைத் தாக்கியிருந்தது. நுரை பெயர்வது அங்கே புதிதல்ல. முந்தைய பல பயணங்களில் பெயர்ந்திருக்கிறது, ஓடங்கள் பத்திரமாகத் திரும்பியிருக்கின்றன. திரும்பிய ஒவ்வொரு முறையும் 'இதனால் ஆபத்தில்லை' என்ற பாடம் பதிந்தது. நுரையே பெயரக் கூடாது என்பது ஆரம்ப வடிவமைப்பு நிபந்தனை. காலப்போக்கில் அது பராமரிப்புப் பிரச்சினையாகச் சுருங்கியது. நாசா ஒரு கற்கும் அமைப்பின் தன்மைகளைக் காட்டவில்லை என்று விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் எழுதியது. என் பார்வையில் அவர்கள் கற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். தொடக்கத்தில் எழுதிவைத்த எதிர்பார்ப்போடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, போன பயணத்தோடு ஒப்பிட்டுக் கற்றார்கள்.

காட்சிகளை வைத்து ஒத்திகை

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் பியர் வாக்கும் அவர் குழுவும் 1970களின் தொடக்கத்தில் செய்த வேலை இதற்கு அடித்தளம். எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் விலையைத் தங்கள் கையில் எடுத்துக்கொள்ளும் நிலையை அவர்கள் முன்கூட்டியே வரைந்து காட்டியிருந்ததால், 1973 நெருக்கடி வந்தபோது ஷெல் மற்றவர்களை விட வேகமாகத் திரும்பிக்கொண்டது. வாக் தாமே ஒப்புக்கொண்டபடி, அவர்களுடைய முதல் காட்சிகள் பயன்படவில்லை. எல்லோருக்கும் தெரிந்த நிச்சயமின்மைகளையே அழகாக அடுக்கிக் காட்டின. மேலாளர்கள் மனதில் இருந்த உலகப் படத்தை அசைத்தபோதுதான் அவை பயன்பட்டன.

ஷெல்லின் திட்டமிடல் பொறுப்பில் இருந்த ஏரி டி கூஸ் 1988இல் எழுதிய இன்னொரு நிகழ்ச்சி இன்னும் கைக்கு அடக்கமானது. எண்ணெய் பீப்பாய் 28 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்த காலம். '1986 ஏப்ரலில் இது 15 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், என்ன செய்வீர்கள்?' என்று ஷெல்லின் மேலாளர்களிடம் கேட்டார்கள். நடக்குமா என்று யாரும் வாதாட வேண்டாம், நடந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள் என்பது விதி. 1986 ஏப்ரலில் விலை 10 டாலரில் நின்றது.

இந்த வழி கேட்பது பணத்தை விட நேரத்தை, அதுவும் மேலிடத்தில் இருப்பவர்களின் நேரத்தை. அவர்கள் வராமல் கீழ்நிலை அதிகாரிகளை அனுப்பினால் ஒரு நல்ல பவர்பாயிண்ட் மட்டும் மிஞ்சும். தவிர, ஒத்திகை முடிவில் 'நாளை என்ன செய்வது' என்பதற்கு விடை கிடைக்காது. உங்கள் தலைவிதி ஓரிரு வெளிச் சக்திகளிடம் இருந்தால் (மூலப்பொருள் விலை, அரசின் ஒரு கொள்கை, ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர்) ஆண்டுக்கு ஒருமுறை செய்யுங்கள். இல்லையென்றால் இதில் அதிகம் செலவழிக்க வேண்டாம்.

அனுமானங்களைச் சோதிக்கும் திட்டம்

ரீட்டா மெக்ராத், இயன் மக்மில்லன் இருவரும் 1995இல் இந்த முறையை எழுதியபோது எடுத்துக்கொண்ட உதாரணம் பாரிஸ் அருகே 1992 ஏப்ரலில் திறந்த யூரோ டிஸ்னி. மற்ற டிஸ்னி பூங்காக்களில் விருந்தினர் சராசரியாக நான்கு நாள் தங்குவார்கள். ஆகவே இங்கும் நான்கு. 1993இல் அவர்கள் தங்கியது சராசரி இரண்டு நாள். காரணம் விநோதமானதல்ல: ஃபுளோரிடாவில் 45 சவாரிகள், இங்கே திறக்கும்போது 15தான். ஒரே நாளில் எல்லாம் ஏறி இறங்கிவிடலாம். அமெரிக்கர்களைப் போல நாள் முழுக்க அங்கங்கே கொறிப்பார்கள் என்று உணவகங்கள் அமைக்கப்பட்டன. வந்தவர்களோ நண்பகல் தாண்டியதும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட நினைத்தார்கள், வரிசை நீண்டது.

இவை எதுவும் யாரோ கவனக்குறைவாக எழுதியவை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொன்றும் வேறோர் இடத்தில் உண்மையாக இருந்தது. திட்டத்துக்குள் நுழைந்ததும் அனுமானம் என்ற அடையாளத்தை இழந்து, விரிதாளில் ஓர் எண்ணாக உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு அதை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதன் மேல் கட்டப்பட்ட கணக்கைத்தான் சரிபார்க்கிறார்கள்.

நான்காவது வழி இதைத் தலைகீழாகச் செய்கிறது. எவ்வளவு லாபம் (அல்லது எவ்வளவு பயன், தொண்டு நிறுவனமென்றால்) கிடைத்தால் இது செய்யத் தகுந்தது என்பதில் தொடங்கி, அதற்கு என்னென்ன உண்மையாக இருக்க வேண்டும் என்று பின்னோக்கி வருவது. அந்தப் பட்டியலில் எது பொய்த்தால் மொத்தமும் கவிழுமோ அதை முதலில், மலிவாகச் சோதிப்பது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பணம் தனித்தனியாக. நான்கு நாள் தங்குவார்களா என்பதைக் கட்டடம் எழும் முன்பே, 15 சவாரிக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒருவர் காகிதத்தில் கணக்குப் போட்டே சந்தேகப்பட்டிருக்கலாம்.

இதன் பலவீனம், யாரும் எழுத நினைக்காத அனுமானத்தை இது காட்டிக்கொடுக்காது என்பது. எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் படித்து ஒரே மாடியில் உட்கார்ந்திருப்பவர்களாக இருந்தால் பட்டியலும் அப்படித்தான் இருக்கும். வாடிக்கையாளரோடு தினமும் பேசுபவர் ஒருவராவது அந்த அறையில் இருக்க வேண்டும். இன்னொன்று, இது அலுப்பூட்டும் வேலை. பெரிய கனவை அறிவித்துவிட்டு வந்த தலைவருக்கு 'இது இன்னும் நிரூபணமாகாத 12 அனுமானங்கள்' என்ற தாள் பிடிக்காது.

வித்தியாசம் தெரிந்தால் யார் சொல்வார்கள்?

நான்கில் எதை எடுத்தாலும், நினைத்ததற்கும் நடந்ததற்கும் உள்ள இடைவெளி வெளியே வர வேண்டும். அமெரிக்க ராணுவம் தன் பயிற்சிக் களங்களில் பழக்கப்படுத்திய செயலுக்குப் பிந்தைய ஆய்வு நான்கே கேள்விகளைக் கேட்கிறது: என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, ஏன் மாறியது, அடுத்த முறை என்ன செய்வோம். முதல் கேள்வியைக் கவனியுங்கள். முன்கூட்டி எழுதிவைத்த எதிர்பார்ப்பு இல்லாவிட்டால் மற்ற மூன்றுக்கும் பொருளே இல்லை. 'நாங்கள் திட்டமெல்லாம் போடுவதில்லை, கற்கும் நிறுவனம்' என்று பெருமைப்படுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். எது நடந்தாலும் அதைத்தான் எதிர்பார்த்தோம் என்று பின்னால் சொல்லிவிட முடிகிற இடத்தில் கற்றலுக்கு வேலையில்லை.

எழுதிவைத்த எண் இருந்தும் இடைவெளி வெளியே வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் போனஸ். இலக்கைத் தொட்டால் பணம் என்று ஆகிவிட்டால், இலக்கு பேரம் பேசிக் குறைக்கப்படும். தொடாவிட்டால் காரணம் தயாராகும். சுவீடனின் ஹேண்டல்ஸ்பாங்கன் வங்கி, யான் வாலண்டர் தலைமையில் 1970களின் தொடக்கத்தில் ஆண்டு பட்ஜெட்டையே தூக்கிப்போட்டு, கிளைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முறைக்குப் போனது. எல்லோராலும் அவ்வளவு தூரம் போக முடியாது. அனுமானங்களைச் சோதிக்கும் கூட்டத்தையும் சம்பள உயர்வு பேசும் கூட்டத்தையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு தாளில் வைத்துக்கொள்வது எல்லோராலும் முடியும்.

ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடத்தப்படும் குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவை அதிகம் தப்பு செய்யவில்லை. செய்ததை மறைக்கவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த விளக்கம். ரிவ்யூ கூட்டத்தில் எல்லா வரிசையும் பச்சையாக (எல்லாம் இலக்குப்படி நடக்கிறது என்று) இருந்தால் சந்தோஷப்படும் முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

எதை எடுப்பது

சூழல் நிச்சயமா நிச்சயமற்றதா என்ற கேள்வியை நான் பயன்படுத்துவதில்லை. எல்லோரும் தங்கள் துறைதான் அதிகம் மாறுகிறது என்று சொல்வார்கள். அதற்குப் பதில் இரண்டு கேள்விகள் போதும்: செய்ததைத் திரும்பப் பெற முடியுமா? சரியா தவறா என்று எவ்வளவு நாளில் தெரியும்?

திரும்பப் பெறலாம், விடையும் சீக்கிரம் வரும் என்றால் செய்து பார்த்துக் கற்பதே சிறந்தது. புதிய சேவை, விலை மாற்றம், பாட வேளை மாற்றம் போன்றவற்றுக்குத் திட்ட ஆவணம் எழுதுவது நேர விரயம். எதிர்பார்ப்பை இரண்டு வரியில் எழுதிவிட்டு இறங்கலாம். திரும்பப் பெற முடியாது, விடையும் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும் என்றால் முழுத் திட்டமும் வேண்டும், அதற்கு முன் காட்சி ஒத்திகையும் வேண்டும். இடைப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்காவது வழி. நிறுவனங்களின் முக்கிய முடிவுகளில் பெரும்பகுதி இந்த இடைப்பட்ட இடத்தில் விழுவதால்தான் என் சாய்வு அந்தப் பக்கம்.

ஒரே நிறுவனத்துக்குள் இவற்றில் மூன்று வழிகள் ஒரே நேரத்தில் நடக்கலாம். மருத்துவமனையின் புதிய கட்டடத்துக்கு முழுத் திட்டம், புதிய சிகிச்சைப் பிரிவுக்கு அனுமானப் பட்டியல், வெளிநோயாளிகள் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க வாராந்திரச் சோதனைகள். எல்லாவற்றையும் ஒரே வார்ப்புருவில் எழுதச் சொல்லும் திட்டமிடல் பிரிவு இருந்தால் முதலில் அந்த வார்ப்புருவை மாற்றுங்கள்.

கடன் கொடுப்பவரோ நன்கொடையாளரோ ஐந்தாண்டுத் திட்டத்தைக் கேட்டே தீர்வார் என்றால் எழுதிக் கொடுங்கள். பிற்சேர்க்கையாக அனுமானங்களின் ஒரு பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள்: எது, எந்தத் தேதிக்குள், யாரால் சோதிக்கப்படும், பொய்த்தால் எந்தச் செலவு நிறுத்தப்படும். விவரம் தெரிந்த நன்கொடையாளர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். அதைப் பார்த்து முகம் சுளிப்பவரிடம் பணம் வாங்கினால், மூன்றாம் ஆண்டில் இலக்கை மாற்ற வேண்டி வரும்போது அவரோடு நடக்கப்போகும் பேச்சுவார்த்தைக்கும் இப்போதே நேரம் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள்.